செய்திப் பிரிவில் தொடங்கி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஆவது எப்படி?

தமிழ்த் தொலைக்காட்சிகளில் செய்தியும் வாழ்வியல் நிகழ்ச்சிகளும் தனித்தனிப் பிரிவுகளாக இயங்கினாலும், தயாரிப்பாளராக விரும்புகிறவர் செய்திப் பிரிவிலேயே முதலில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறித்த நேரத்துக்குள் முடிப்பதும், ஒளிபரப்பும் முன் தகவலைச் சரிபார்ப்பதும் அங்கேதான் பழக்கமாகின்றன. சமையல், உடல்நலம், பயணம் எனப் பிற்காலத்தில் எதைத் தயாரித்தாலும் அந்தப் பழக்கமே கைகொடுக்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, இதழியல் அல்லது விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் பட்டம் உதவும். சென்னைப் பல்கலைக்கழகம், லயோலா கல்லூரி, ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் போன்றவற்றில் படித்தவர்கள் பலர் இத்துறையில் இருக்கிறார்கள். எந்தத் தொலைக்காட்சியில் பயிற்சிக்குச் சேர்ந்தாலும், கேமரா முன் நிற்கும் வாய்ப்பைத் தேடுவதைவிட, செய்தி மேசையிலும் பிசிஆர் எனப்படும் கட்டுப்பாட்டு அறையிலும் உட்கார இடம் கேளுங்கள்.

அங்கே முதலில் கற்க வேண்டியது ரன்டவுன், அதாவது எந்தச் செய்தி எந்த வரிசையில், எவ்வளவு நேரம் வரும் என்ற பட்டியல். மணிக்கு 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அந்த அளவு முழுவதையும் பயன்படுத்திவிட்டால் அரை மணி நேரச் செய்தியில் உங்கள் கைக்கு வருவது 24 நிமிடங்கள். தலைப்புச் செய்திகள், பேக்கேஜ்கள் எனப்படும் முன்பே எடிட் செய்த செய்தித் தொகுப்புகள், நேரலை, விளையாட்டு, வானிலை என அனைத்தும் அதற்குள் நொடிக்கணக்கில் அடங்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து நேரலையில் வரவேண்டிய செய்தியாளரின் இணைப்பு கடைசி நொடியில் அறுந்துபோனால், அடுத்து எந்தப் பேக்கேஜுக்குப் போவது என்பதை, டாக்பேக் எனப்படும் காதொலி இணைப்பில் ஆங்கரிடம் பதற்றமில்லாமல் சொல்ல வேண்டியவர் தயாரிப்பாளர். ஆகவே ஒவ்வொரு ரன்டவுனிலும் மாற்றாக ஒன்றிரண்டு செய்திகளை முழுமையாக எடிட் செய்து வைத்திருப்பது கட்டாயம்.

எழுத்தும் உங்கள் பொறுப்பே. ‘மேலூர் அருகே நேற்றிரவு நிகழ்ந்த விபத்தில் காயமடைந்து மதுரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த இளைஞர் இன்று காலை உயிரிழந்தார்’ என்ற வாக்கியம் நாளிதழுக்குப் பொருந்தும். வாசிக்கும் ஆங்கருக்கு நடுவில் மூச்சு முட்டும். ‘மேலூர் விபத்தில் காயமடைந்த இளைஞர் உயிரிழந்தார்’ என்று தொடங்கி, விவரங்களை அடுத்த வாக்கியங்களுக்குத் தள்ளுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்து நேரம் பார்க்காமல் எந்த ஸ்கிரிப்டையும் அனுப்பாதீர்கள்.

சட்ட அறிவும் இல்லாமல் முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் படத்தையும் மட்டுமல்லாமல் குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகிய விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. முகத்தை மறைத்துவிட்டுப் பள்ளியின் பெயர்ப்பலகையைக் காட்டினாலும் அது குற்றமே. எடிட்டர் கவனிக்கத் தவறினாலும் தயாரிப்பாளரின் கண்ணுக்கு இது தப்பக் கூடாது.

வாழ்வியல் நிகழ்ச்சிகளுக்கு மாறும்போது வேலையின் வேகம் குறையும், முன்னேற்பாடு கூடும். குழம்பு கொதிக்கும்வரை படப்பிடிப்புக் குழு காத்திருக்க முடியாது என்பதால், அரைத்த மசாலா, பாதி வெந்த நிலை, இறக்கிய நிலை என அதே குழம்பைத் தனித்தனிப் பாத்திரங்களில் தயாராக வைத்திருக்க வேண்டும். தாளிக்கும் ஓசையை மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டுத் தனியாகப் பதிவு செய்துகொண்டால் நிகழ்ச்சிக்கு உயிர் வரும். பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்கான விருந்தினர் தேதிகளையும் படப்பிடிப்பு இடங்களையும் பல வாரங்களுக்கு முன்பே உறுதிசெய்துவிடுங்கள்.

ஆனால் உடல்நல நிகழ்ச்சியில்தான் செய்தி மேசையின் ஒழுக்கம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. வரும் மருத்துவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலோ, சித்த மருத்துவரானால் அதற்குரிய கவுன்சிலிலோ பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அது விளம்பரதாரர் பணம் கொடுத்து வாங்கிய ஒளிபரப்பு நேரமானால், அதைத் திரையிலேயே தெளிவாக அறிவிக்க வற்புறுத்துங்கள். வீட்டில் இருக்கும் ஒரு முதியவர் அந்த நிகழ்ச்சியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக்கூடும் என்பதை எந்த விற்பனைப் பிரிவும் உங்களுக்கு நினைவூட்டாது.

அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, நீங்கள் தயாரித்தவற்றிலிருந்து சில நிமிடத் தொகுப்பு ஒன்றை அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்கிரிப்ட், படப்பிடிப்பு ஏற்பாடு, எடிட் மேற்பார்வை ஆகியவற்றில் நீங்கள் செய்தது எது என்பதை ஒரே வரியில் நேர்மையாகக் குறிப்பிடுங்கள். நேர்காணலில் முதல் கேள்வி பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.