நெருக்கடி யார் மேல் பழி போடுகிறது: படிப்பகத்தில் ஒரு மாலை வகுப்பு நடத்தும் முறை

பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ உள்ள படிப்பகத்தில், பொருளாதார நெருக்கடிக்கும் தீவிர வலதுசாரி அரசியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வகுப்பெடுக்க விரும்புவோர், விளக்கங்களுக்குப் போகும் முன் ஆண்டையும் வாக்கு விகிதத்தையும் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜிக் கட்சி 1928இல் பெற்றது 2.6 விழுக்காடு, 1930 செப்டம்பரில் 18.3, 1932 ஜூலையில் 37.3. இடையில் 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் 60 லட்சத்தைத் தாண்டினர்.

இதைப் பார்த்தவுடன், வேலை போனவர்களே நாஜிகளுக்கு வாக்களித்தார்கள் என்று வகுப்பு முடிவுகட்டிவிடும். அதைத் திருத்துவதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் கம்யூனிஸ்டுகள் பக்கம் சென்றனர். தொழிலாளர் வாக்கு நாஜிகளுக்கு அறவே விழவில்லை என்று சொல்ல முடியாதெனினும், சிறுகடைக்காரர், கைவினைஞர், கடன்பட்ட விவசாயி என இன்னும் விழாமல், விழுந்துவிடுவோமோ என்று அஞ்சியவர்களிடம்தான் அக்கட்சி ஆழமாக வேரூன்றியது.

அடுத்து, அரசு என்ன செய்தது என்று கேட்க வேண்டும். 1930 முதல் 1932 வரை ஆட்சித் தலைவராக இருந்த புரூனிங், அவசர ஆணைகளால் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார். யூதர்களே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பொய், அரசு கைவிட்டவர்களிடம் எளிதாக எடுபட்டது. கிரீசிலும் அரசுச் செலவை வெட்டும் சிக்கன நடவடிக்கைகளுக்கு நடுவே, 2009இல் 0.3 விழுக்காடு மட்டுமே பெற்ற 'கோல்டன் டான்' என்ற தீவிர வலதுசாரிக் கட்சி, குடியேறியவர்களைப் பகையாகக் காட்டி, 2012 மே மாதத் தேர்தலில் ஏறக்குறைய 7 விழுக்காட்டை எட்டியது.

சுவீடனை விட்டுவிடாதீர்கள். 1929 சரிவைத் தொடர்ந்து வந்த அதே உலகப் பெருமந்தத்தில், 1933இல் சமூக ஜனநாயகக் கட்சியும் விவசாயிகள் கட்சியும் உடன்பட்டு, வேலையற்றோருக்குப் பொதுப்பணியும் விளைபொருளுக்கு விலை ஆதரவும் தந்தன. அங்கே பாசிஸ்டுகளால் காலூன்ற முடியவில்லை.

இனி நம் பகுதிக்கு வரலாம். 1921இல் பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் துணி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டு, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. அதைத் தீவிர வலதுசாரி இயக்கம் என்று சொல்வது தவறு. ஆனால் சம்பளம் நின்ற கோபம் ஆலை நிர்வாகத்தை விட்டு அண்டை வீட்டின் மேல் திரும்பியது எப்படி என்பதைப் பற்றி, அந்த ஆலையில் வேலை பார்த்த முதியவர்கள் இருந்தால் அவர்களை அழைத்து, அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்ததைப் பேசச் சொல்லுங்கள்.

அப்பேச்சில் எவரேனும், வடநாட்டுக்காரர்கள் வந்துதான் நமக்கு வேலை போயிற்று என்று சொல்லக்கூடும். அவரை அதட்டி உட்கார வைக்காதீர்கள். அவர் கடைசியாகப் பார்த்த வேலையின் கூலியை நிர்ணயித்தவர் யார், ஒப்பந்தக்காரர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், வேலை நின்றபோது எந்த உதவியாவது வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலை ஜெர்மனியின் எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.