சொந்தமாகக் கட்டும் விமானத்தின் மின்னமைப்பு: ஆயத்தமாக வாங்குவதா, நாமே இணைப்பதா?

சொந்தமாக விமானம் கட்டத் தொடங்கும் பலர், உலோக வேலையை விடக் கம்பி வேலைக்கே அதிகம் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்திலேயே முழு மின்னமைப்பையும் ஆயத்தமாக வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. செலவை எண்ணி எல்லாவற்றையும் தாமே செய்ய முனைந்து பாதியில் திணறுகிறவர்களும் உண்டு. மின்னமைப்பு என்பதில் தன்மையால் வேறுபட்ட இரண்டு வேலைகள் அடங்கியிருப்பதால், இதை ஒரே முடிவாக எடுக்க வேண்டியதில்லை. பேட்டரி, ஆல்டர்நேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), ஸ்டார்ட்டர், பஸ் பார் (மின்சாரத்தைச் சுற்றுகளுக்குப் பிரித்துத் தரும் உலோகப் பட்டை), பியூஸ், விளக்குகள் ஆகியவற்றைச் சேர்ந்த மின்வழங்கல் ஒன்று. திரைக் கருவிகள், ரேடியோ, இன்டர்காம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி), ஆட்டோபைலட் ஆகியவற்றுக்கு இடையிலான ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) இணைப்பு மற்றொன்று. முதலாவதில் கம்பிகள் குறைவு, மின்னோட்டம் அதிகம். இரண்டாவதில் மின்னோட்டம் குறைவு, கம்பிகளும் ஊசிமுனைகளும் ஏராளம்.

படி 1: மின்சுமைப் பட்டியலை எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், விமானத்தில் மின்சாரம் எடுக்கப்போகும் ஒவ்வொரு கருவியையும், அதன் கையேட்டில் உள்ள ஆம்பியர் அளவையும் ஒரு பட்டியலாக எழுத வேண்டும். தொடர்ந்து இயங்குபவை, ரேடியோவில் பேசும் பொத்தானைப் போல இடையிடையே இயங்குபவை, ஆல்டர்நேட்டர் நின்றுபோனாலும் தரையிறங்கும் வரை அவசியமானவை என மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பத்தியின் கூட்டுத்தொகையே பேட்டரியின் கொள்ளளவைத் தீர்மானிக்கும். எடுத்துக்காட்டாக, அவசியச் சுமை 8 ஆம்பியர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 8 ஆம்பியர்-மணி தேவை. பழைய பேட்டரி தன் பெயரளவுக் கொள்ளளவைத் தராது என்பதால் இந்தத் தேவையின் இரு மடங்கை வைத்துக் கணக்கிடுவது நல்லது.

படி 2: மின்சாரம் நின்றால் எஞ்சினும் நிற்குமா என்று பாருங்கள்

இந்தக் கேள்வியே மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. மேக்னெட்டோ (பேட்டரியின்றித் தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் கருவி) பொருத்திய லைக்கமிங் எஞ்சினும், கார்புரேட்டர் கொண்ட ரோடாக்ஸ் 912 யூ.எல்.எஸ் எஞ்சினும் பற்றவைப்புக்கான மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதால், பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். மின்னணு எரிபொருள் செலுத்தல் கொண்ட ரோடாக்ஸ் 912 ஐ.எஸ் போன்ற எஞ்சின்களின் நிலை வேறு. அவற்றுக்கு மின்சாரம் எரிபொருளுக்கு நிகரானது. இவ்வகை எஞ்சினாயின், எஞ்சினுக்கான மின்வழங்கலை உற்பத்தியாளரின் வரைபடத்தில் உள்ளபடியே அமைக்க வேண்டும். அங்கே தொடக்கநிலையாளரின் புதுமைகளுக்கு இடமில்லை.

படி 3: ஆயத்தமாக எவை கிடைக்கின்றன என்று பிரித்தறியுங்கள்

'ஆயத்தம்' என்ற சொல்லின் கீழ் மூன்று வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த கருவிகளுக்கு ஏற்ப அளந்து, முனைகள் பொருத்தி, சோதித்து அனுப்பப்படும் ஒயர் ஹார்னஸ் (கம்பிக் கட்டு) ஒருவகை. எல்லாக் கருவிகளையும் சொருகிக்கொள்ளும் நடுவண் இணைப்புப் பெட்டி இன்னொரு வகை. வெர்ட்டிகல் பவர் நிறுவனத்தின் வி.பி-எக்ஸ் போன்ற மின்னணு சர்க்யூட் பிரேக்கர் பெட்டி மூன்றாவது. இதில் ஒவ்வொரு சுற்றின் மின்னோட்ட வரம்பையும் மென்பொருள் வழியே அமைக்கலாம், பழுதுற்ற சுற்றைத் திரையிலேயே பார்க்கலாம். ஆனால் பல சுற்றுகள் ஒரே பெட்டியை நம்பியிருப்பதால், அந்தப் பெட்டியின் செயலி நின்றால் எந்தெந்த வெளியீடுகள் தொடரும், எவை அணையும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முழு வரைபடமும் கம்பி எண்களும் தரப்படுமா என்பதையும் கேளுங்கள். தரமாட்டோம் என்றால், எவ்வளவு அழகாகக் கட்டப்பட்ட ஹார்னஸாக இருந்தாலும் வாங்காதீர்கள். பின்னாளில் ஒரு கருவியை மாற்ற நேரும்போது அந்தக் காகிதம்தான் உங்களிடம் இருக்க வேண்டும்.

படி 4: நீங்களே செய்யும் பகுதிக்குக் கம்பியைக் கணக்கிடுங்கள்

கம்பியின் தடிமனைத் தீர்மானிப்பவை இரண்டு: அது எவ்வளவு சூடாகும் என்பதும், அதன் நீளத்தில் எவ்வளவு மின்னழுத்தம் இழக்கப்படும் என்பதும். 14 வோல்ட் அமைப்பில் தொடர்ந்து இயங்கும் சுமைக்கு 0.5 வோல்ட் வரை இழப்பை அமெரிக்க விமானப் பராமரிப்பு வழிகாட்டியான ஏ.சி 43.13-1பி ஏற்கிறது. இறக்கையில் 5 மீட்டர் தொலைவில் 10 ஆம்பியர் எடுக்கும் பிட்டோ சூடேற்றி (வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் காப்பது) இருப்பதாகக் கொள்வோம். 18 கேஜ் கம்பியின் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும்) தடை மீட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லி ஓம் என்பதால் இழப்பு 1 வோல்ட்டைத் தாண்டும். 14 கேஜ் கம்பியில் அது சுமார் 0.4 வோல்ட்டாகக் குறையும். இந்தக் கணக்கு உலோக உடலே திரும்பு பாதையாக அமையும் விமானத்துக்குத்தான் பொருந்தும். ஃபைபர் கிளாஸ் போன்ற கலப்புப் பொருளால் ஆன விமானத்தில் எர்த்துக்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டியிருப்பதால் நீளம் இரட்டிக்கிறது. அப்போது 12 கேஜ் கம்பிகூட வரம்பைச் சற்றே மீறும், 10 கேஜ் தேவைப்படும். எடையும் கூடும் என்பதால், இத்தகைய சுமைகளை எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே யோசிப்பது பயன் தரும்.

கம்பி, எம்22759/16 தரத்தில், டெஃப்செல் காப்புறையுடன் கூடியதாக இருக்கட்டும். பி.வி.சி காப்புறை எரிந்தால் எழும் நச்சுப் புகையை மூடிய காக்பிட்டில் யாரும் சுவாசிக்க விரும்பமாட்டார்கள். பியூஸ் காப்பது கருவியை அன்று, கம்பியை. ஆகவே அதன் அளவைக் கம்பியின் தடிமனுக்கு ஏற்பத் தேர்ந்து, மின்சாரம் புறப்படும் பஸ் பாரின் அருகிலேயே வையுங்கள்.

முனைகளை ராட்செட் வகைக் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். முழு அழுத்தம் முடியும்வரை அது பிடியை விடாது என்பதே அதன் சிறப்பு. சாதாரணக் குறடு போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஈயப் பற்றுவைப்பு தவறன்று, ஆனால் ஈயம் கம்பியிழைகளுக்குள் ஊடுருவி விறைப்பாகும் இடத்தில் அதிர்வால் முறிவு ஏற்படும் என்பதால், அந்த இடத்தை அசையாமல் தாங்கிக் கட்ட வேண்டும். கம்பியின் இரு முனைகளிலும் எண் இடுங்கள்.

படி 5: முடிவெடுங்கள்

முதல் விமானத்தைக் கட்டுபவருக்கு என் பரிந்துரை இதுதான்: ஏவியானிக்ஸ் ஹார்னஸை ஆயத்தமாக வாங்குங்கள், மின்வழங்கலை நீங்களே செய்யுங்கள். கருவிகளுக்குப் பின்னால் உள்ள சிறு ஊசிமுனைக் கனெக்டர்களில் ஒரு ஊசி இடம் மாறினாலும், அந்தப் பழுதைத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும். அவற்றுக்கான தனிக் கருவிகளையும் ஒரே முறைக்காக வாங்க வேண்டியிருக்கும். மின்வழங்கலோ எளிய சுற்றுகளால் ஆனது. பறக்கும்போது பியூஸ் போனால் எது அணையும் என்பது அதைக் கட்டியவருக்கு மனப்பாடமாகத் தெரியும். இரவிலோ மேகத்துக்குள்ளோ பறக்காத, ஒரு ரேடியோவும் ஒரு திரையும் மட்டுமே கொண்ட சிறு விமானத்துக்கு ஹார்னஸ்கூட வாங்க வேண்டியதில்லை.

படி 6: இணைத்தபின் சோதியுங்கள்

கருவிகளைச் சொருகும் முன், ஒவ்வொரு கனெக்டரிலும் மின்சாரம் வர வேண்டிய ஊசியில் வருகிறதா, வரக்கூடாத ஊசிகளில் வராமலிருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். வாங்கிய ஹார்னஸுக்கும் இதே சோதனை தேவை. பிறகு எஞ்சினைத் தரையில் ஓட்டி, எல்லாச் சுமைகளையும் இயக்கி, பஸ் பாரில் 14 வோல்ட் அளவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக எஞ்சினை நிறுத்தி, படி 1-இல் எழுதிய அவசியச் சுமைகளை மட்டும் பேட்டரியில் ஓடவிட்டு, திரை அணையும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து, அந்த எண்ணை விமானக் கையேட்டின் அவசரநிலைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். லித்தியம் பேட்டரியாயின் அடியோடு இறக்காமல், அதன் உற்பத்தியாளர் குறித்துள்ள குறைந்தபட்ச வோல்ட் அளவிலேயே சோதனையை நிறுத்திவிட வேண்டும்.