ஓவியத்தையே முழுநேரத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

முகம் தெரியாத ஒருவர் உங்கள் ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரா? அவரே திரும்ப வந்து இன்னொன்று கேட்டாரா? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நண்பர்களும் சொந்தக்காரர்களும் பிரியத்தில் வாங்குவார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அதை வைத்து வருமானக் கணக்குப் போட முடியாது. லைக்குகளும் அப்படியே.

அடுத்தது விலை. திறமையுள்ள பலர் திணறுவது இங்கேதான். மனதுக்குத் தோன்றியதைச் சொல்லாதீர்கள், ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். பலரும் பின்பற்றுவது சதுர அங்குலக் கணக்கு: 16×20 அங்குலப் படம் என்றால் 320 சதுர அங்குலம், அதை ஒரு சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் வைத்திருக்கும் விகிதத்தால் பெருக்கி, ஃபிரேம், பேக்கிங், அனுப்பும் செலவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். (சின்னப் படங்களுக்கு விகிதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் படம் பாதியானால் உழைப்பும் பாதியாகிவிடாது.) வந்த விலையை, வரைந்த நேரத்தோடு வாடிக்கையாளரிடம் பேசிய நேரம், பார்சல் கட்டிய நேரம் எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பாருங்கள், கட்டுப்படியாகிறதா என்று தெரிந்துவிடும். கேலரிகள் விற்பனையில் பாதி வரை எடுத்துக்கொள்வது சாதாரணம், அந்தப் பாதி போன பிறகும் நிற்கிற விலையாக இருக்க வேண்டும். கேலரியில் ஒரு விலை, வீட்டில் அதைவிடக் குறைந்த விலை என்று மட்டும் விற்காதீர்கள், கேலரி உங்களை அடுத்த முறை கூப்பிடாது. பணம் குறைவாக வைத்திருப்பவருக்கு அதே படத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதைவிட சின்ன அளவில் வேறொன்று காட்டுவது நல்லது.

ஆர்டர் எடுத்து வரைபவர்கள் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு மின்னஞ்சல் போதும்: பாதி முன்பணம், எத்தனை திருத்தம், எந்தத் தேதி. முன்பணம் வந்த பிறகுதான் பென்சிலையே எடுக்க வேண்டும். பென்சில் ஸ்கெட்ச் அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகு வண்ணத்துக்குப் போங்கள், ஏனென்றால் வாட்டர்கலரில் மூன்று நான்கு பூச்சு ஏறிய பிறகு "கண்ணைக் கொஞ்சம் பெரிசாக்கலாமா?" என்று கேட்டால் தாளையே மாற்றித் திரும்ப வரைய வேண்டியிருக்கும், அந்த இரண்டாவது தாளுக்கு யார் பணம் கொடுப்பது என்பது முன்பே பேசி முடிந்திருக்க வேண்டும். எண்ணெய் வண்ணமா? தடிமனாகப் பூசியிருந்தால் கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், அதையும் வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒவ்வொரு படத்தையும் ஒரே முறை விற்று வாழ்வது சிரமம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், ஒரு பலிபீட ஓவியத்தை வரையச் சொன்ன வணிகருக்கு 1509இல் எழுதிய கடிதத்தில், இவ்வளவு நுணுக்கமாகத் தீட்டுவது கட்டுப்படியாகவில்லை, செதுக்கி அச்சிடும் வேலையிலேயே இருந்திருந்தால் இன்னும் பணக்காரனாகியிருப்பேன் என்கிறார். அவருடைய அச்சுப் படங்களை மனைவியும் தாயும் சந்தைகளில் விற்றார்கள். இன்றைக்கும் அதே நிலைமைதான். அதனால் பிரின்ட், வகுப்பு, புத்தக அட்டை, உரிமம் (படத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்துப் பணம் வாங்குவது) என்று ஒரு படமோ ஒரு திறமையோ பலமுறை சம்பாதிக்கிற வழிகளில் ஒன்றிரண்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பிரின்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், அதாவது 12×16 அங்குலத்துக்கு 3600×4800 பிக்சல். பிக்மென்ட் மையும் (நிறமித் துகள் கலந்த மை) அமிலமில்லாத தாளும் கேளுங்கள், மலிவான மை சில வருஷத்தில் வெளிறிவிடும். 50 பிரதி என்று எண் போட்டுக் கையெழுத்திட்டு விற்றால் 51வதை அச்சிடக் கூடாது.

அப்புறம் காப்புரிமை. ஓவியத்தை விற்றாலே அதை நகலெடுக்கும் உரிமையும் போய்விடாது, பெரும்பாலான நாடுகளில் நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் போகும். ஆர்டருக்கு வரைந்ததில் இது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உரிமை யாரிடம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் உங்கள் படத்தைப் பொருளின் மேல் போடக் கேட்டால் எந்தப் பொருள், எந்த நாடுகள், எத்தனை வருஷம், அவர்களுக்கு மட்டுமா என்று நான்கையும் கேட்டு அதற்கேற்ப விலை சொல்லுங்கள்.

வேலையை விடுவது? ஓவிய வருமானத்தை மாதாமாதம் எழுதி, மோசமான மாதங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த மாதங்களிலேயே வீட்டுச் செலவில் பாதியாவது வந்து, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் கையிருப்பில் இருந்தால் விடலாம் என்பேன். அதுவரை, முடிந்தால் வேலை நாட்களைக் குறைத்துக் கேளுங்கள். விட்ட பிறகும் வாரம் முழுக்க வரைய முடியாது, பில், பதில், படமெடுப்பது, அனுப்புவது என்று பாதி நேரம் போகும், அதனால் காலை நேரத்தை வரைவதற்கு ஒதுக்கிவிட்டு மீதியை மதியத்துக்குத் தள்ளுங்கள். வரிக்கான தொகையைப் பணம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.