15 ஜிபி நிரம்பிவிட்டது: கூகுளுக்குக் காசு கட்டலாமா, வேண்டாமா?

ஜிமெயிலைத் திறந்ததும் ஸ்டோரேஜ் நிரம்பப் போகிறது என்று ஓர் எச்சரிக்கை, பக்கத்திலேயே கூடுதல் இடம் வாங்க ஒரு பொத்தான். மாதம் 130 ரூபாய்தானே என்று பாதிப் பேர் அங்கேயே அமுக்கிவிடுகிறார்கள். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் இது ஒரு மாதச் செலவு இல்லை. இடம் கிடைத்ததும் பொருள் சேரும். 60 ஜிபி சேர்ந்த பிறகு சந்தாவை நிறுத்த நினைத்தால், அதைக் கொண்டுபோய் வைக்க இடம் தேட வேண்டும். அதனால் அமுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி கீழே உள்ளவற்றைச் செய்துபாருங்கள். எங்கள் வீட்டில் நான்கைந்து பேரின் கணக்குகளுக்கு நான் செய்து கொடுத்த வரிசை இது. ஒருவருக்கு வாங்கச் சொன்னேன், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கணினி இருந்தால் கணினியிலேயே செய்யுங்கள். போனில் முடியும், ஆனால் பொறுமை போய்விடும்.

படி 1: எது தின்கிறது என்று பாருங்கள்

கூகுள் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் இல்லை. ஜிமெயில், டிரைவ் (கோப்புகள்), போட்டோஸ் (படங்கள்) மூன்றுக்கும் சேர்த்துத்தான். மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, கீழே மூன்று குழாய் என்ற கதை. போட்டோஸ் குழாயே தொட்டித் தண்ணீரை எல்லாம் எடுத்துக்கொண்டால் மெயில் குழாயில் காற்றுதான் வரும். இடம் முழுதும் தீர்ந்துவிட்டால் புதுப் படம் ஏறாது என்பதோடு நிற்காது. உங்களுக்கு வரும் மெயில்களும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வங்கிக் கணக்கு விவரம், காப்பீட்டுப் புதுப்பிப்பு, வேலைக்கான அழைப்பு எதுவாக இருந்தாலும் இதே கதிதான். அவசரம் என்றால் இதுதான் அவசரம், படங்கள் இல்லை.

கூகுள் ஒன் (கூகுள் கூடுதல் இடம் விற்கும் சேவை) ஆப்பில் அல்லது தளத்தில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்தால் எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று நிறப்பட்டையாகக் காட்டும். அந்த எண்களை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

(2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபியோடு வந்தபோது ஹாட்மெயில் கொடுத்துக்கொண்டிருந்தது 2 எம்பி. ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். இன்று 15 ஜிபி போதவில்லை என்கிறோம்.)

படி 2: மெயிலும் டிரைவும்

இது எளிது. ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்ன ஐகானைத் தட்டினால் ஒரு படிவம் விரியும். அதில் அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். பழைய கல்யாண வீடியோ, யாரோ அனுப்பிய ஸ்கேன் கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். வேண்டியதை இறக்கி வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். அப்புறம் 5 எம்பிக்கு மேல் என்று ஒரு சுற்று.

புரொமோஷன்ஸ் பகுதியில் குவிந்திருக்கும் விளம்பர மெயில்களை அழிப்பதில் பொழுதைக் கழிக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பெரும்பாலும் வெறும் எழுத்துதான், அழித்தால் மனசுக்குச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். மெயிலைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வரும் வெளி ஆப்களுக்கு அனுமதி கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் அஞ்சல் பெட்டி முழுவதையும் படிக்கும் உரிமையை ஓர் அந்நியருக்குக் கொடுப்பது அது.

டிரைவில் இடப்பக்கம் ஸ்டோரேஜ் என்பதைத் தட்டினால் பெரிய கோப்பு முதலில் வரும்படி பட்டியல் வரும். மற்றவர்கள் உங்களோடு பகிர்ந்த கோப்புகள் உங்கள் கணக்கில் சேராது, அவர்கள் கணக்கில்தான் சேரும். அவற்றை விட்டுவிடுங்கள்.

படி 3: போட்டோஸ் (இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள்)

எனக்கும் அதிக நேரம் போனது இந்த இடத்தில்தான். மூன்று சங்கதிகள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, பழைய படங்கள். 2021 ஜூன் 1-க்கு முன்னால் 'ஹை குவாலிட்டி' (படத்தைக் கொஞ்சம் சுருக்கி ஏற்றுவது) என்ற அமைப்பில் ஏறிய படங்கள் இந்த 15 ஜிபியில் சேரவே சேராது. அன்றைய தேதியிலிருந்து ஏறியவைதான் கணக்கு. விஷயம் தெரியாமல் பலர் பத்து வருடத்துக்கு முந்தைய படங்களைக் கண்ணீரோடு அழித்துக்கொண்டு போகிறார்கள். ஸ்டோரேஜ் எண் அசையாது. ஒரு படத்தைத் திறந்து அதன் விவரத்தைப் பாருங்கள். இது இடம் எடுக்கவில்லை என்று குறிப்பு இருந்தால் அதைத் தொடாதீர்கள். சுருக்காமல் 'ஒரிஜினல் குவாலிட்டி'யில் ஏற்றியிருந்தால் மட்டும் பழையவையும் சேரும்.

இரண்டாவது, குழப்பும் இரண்டு பொத்தான்கள். போட்டோஸ் ஆப்பில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது. அது உங்கள் போனில் இருக்கும் பிரதியை அழிக்கும், கூகுளில் இருப்பதை அல்ல. போனில் இடம் கிடைக்கும், 15 ஜிபியில் ஓர் இம்மியும் குறையாது. மற்றொன்று சாதாரண 'டிலீட்'. பேக்கப் ஆன படத்தில் இதை அமுக்கினால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். கூகுளில் மட்டும் எடுத்துவிட்டுப் போனில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து டிலீட் கொடுத்தவர்கள் இரண்டையும் இழந்திருக்கிறார்கள். ஆகவே அழிக்க நினைப்பவற்றை முதலில் கேபிள் போட்டுக் கணினிக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ நகல் எடுங்கள். நகலில் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். அது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு டிலீட்.

மூன்றாவது, டிராஷ். அழித்தவை உடனே போவதில்லை. போட்டோஸ் டிராஷில் பேக்கப் ஆனவை 60 நாள், ஜிமெயில் மற்றும் டிரைவ் டிராஷில் 30 நாள் கிடக்கும். அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று டிராஷையும் தனித்தனியாகக் காலி செய்ய வேண்டும். செய்த பிறகும் எண் குறைய ஒருநாள் ஆகலாம். அதற்குள் பதறி மேலும் அழிக்காதீர்கள்.

எதை அழிப்பது? படங்களை விட்டுவிட்டு வீடியோக்களுக்குப் போங்கள். 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 170 எம்பி. குழந்தையின் ஆண்டு விழா நடனம் பத்து நிமிடம் என்றால் அதுவே ஒன்றரை ஜிபிக்கு மேல். போன் கேமராவில் 1080 தரத்துக்கு மாற்றிவிட்டால் இனி வருவது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். போனில் பார்க்கப் போகும் வீடியோவுக்கு 4கே தேவையே இல்லை என்பது என் கட்சி.

போட்டோஸ் தளத்தின் அமைப்பில் 'ரெக்கவர் ஸ்டோரேஜ்' என்று ஒரு வசதியும் உண்டு. ஒரிஜினல் தரத்தில் இருப்பவற்றைச் சுருக்கித் தரும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் 16-க்கு இறங்கும், வீடியோக்கள் 1080-க்கு இறங்கும். திரும்பப் பெரிதாக்க முடியாது. பொதுவான குடும்பப் படங்களுக்கு இது போதும், புகைப்படம் தொழிலாக உள்ளவர்கள் தொட வேண்டாம்.

படி 4: வாட்ஸ்அப்

ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடந்தது. 2023 இறுதியில் தொடங்கி 2024-க்குள் அதுவும் 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. முன்பு பிரச்சினை இல்லையே, திடீரென்று ஏன் நிரம்பியது என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய் வீடியோவைச் சேர்க்கும் சுவிட்சை அணையுங்கள். குடும்பக் குழுவில் தினமும் வரும் காலை வணக்க வீடியோவைப் பாதுகாத்து என்ன செய்யப் போகிறோம்?

படி 5: இப்போது கணக்கு

சுத்தம் முடிந்ததும் மறுபடி எண்ணைப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து அதே தேதியில் திரும்பப் பாருங்கள். இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் மாத வளர்ச்சி. 15-லிருந்து இருப்பைக் கழித்து வளர்ச்சியால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். உதாரணத்துக்கு, சுத்தம் செய்தபின் 9 ஜிபி, மாதம் அரை ஜிபி ஏறுகிறது என்றால் இன்னும் 12 மாதம். போட்டோஸும் தன் பங்குக்கு ஒரு மதிப்பீட்டைக் காட்டும், ஆனால் அது பழைய பழக்கத்தை வைத்துச் சொல்வது. 4கேயை நிறுத்தியவருக்குப் பொருந்தாது.

என் அளவுகோல் இது. ஒரு வருடத்துக்கு மேல் தாங்கினால் வாங்க வேண்டாம், வருடம் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். ஆறு மாதம்கூடத் தாங்காது, ஏறுவதும் வேண்டிய பொருள்தான் என்றால் வாங்குங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த படி.

படி 6: இரண்டாவது கணக்கு

படங்களுக்கு என்று தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, போட்டோஸ் ஆப்பில் பேக்கப் கணக்காக அதை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பையும் அங்கே திருப்பிவிடலாம். இன்னொரு 15 ஜிபி கிடைக்கிறது என்பதைவிடப் பெரிய லாபம், படங்கள் எவ்வளவு நிரம்பினாலும் உங்கள் மெயில் நிற்காது. சந்தா வாங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். மெயில் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். புதுக் கணக்கில் மீட்புக்கு உங்கள் போன் எண்ணைக் கொடுத்து, அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

படி 7: வாங்குவது என்று முடிவானால்

இந்தியாவில் கூகுள் ஒன் 100 ஜிபி திட்டத்துக்கு நான் கணக்குப் போட்டது மாதம் 130, வருடத்துக்கு 1,300 ரூபாய் என்ற விலையில். வருடமாகக் கட்டினால் 260 ரூபாய் மிச்சம். முதல் சில மாதம் சலுகை என்று கொடுத்தால் சலுகை முடிந்த பிறகு வரும் விலையை மட்டும் பாருங்கள். உங்கள் கணக்கில் காட்டும் விலைதான் இறுதி.

திட்டத்தை இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம். இடம்தான் பொது, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க முடியாது. அண்ணன், அண்ணி, அம்மா என்று சேர்த்தால் ஆளுக்கு ஆகும் செலவு டீக்காசு. ஆனால் குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் தம்பியைச் சேர்க்க முடியாது. ஒருவர் குழு மாறினால் அடுத்த 12 மாதம் இன்னொன்றுக்கு மாறவும் முடியாது.

இந்தச் சந்தா இடத்துக்கானதுதான். @gmail.com என்று முடியாமல் உங்கள் கடைப் பெயரிலேயே முடியும் மெயில் முகவரி இதில் வராது. கடை, கிளினிக், சிறு தொழில் நடத்துபவர்கள் அதைத் தேடினால் ஒரு டொமைன் பெயர் (உங்களுக்கே உரிய இணையப் பெயர்) வாங்கி, சோஹோ மெயில் போன்ற ஒரு மெயில் சேவையில் இணைப்பது நல்லது. என்னைக் கேட்டால், மெயிலுக்கு என்று காசு செலவழிப்பதாக இருந்தால் முதல் செலவு டொமைனுக்குத்தான். சேவையை மாற்றினாலும் முகவரி உங்களோடு வரும்.

கட்டும்போதே வெளியேறும் வழியையும் பாருங்கள். தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். சந்தாவை நிறுத்தினால் பொருள் உடனே அழியாது. ஆனால் 15 ஜிபிக்கு மேல் இருக்கும்வரை புதிதாக எதுவும் ஏறாது, மெயில் வராது. இரண்டு வருடம் அப்படியே விட்டால் அழிக்கவும் செய்யலாம்.

பிறகு சேர்த்தவை

போன் நிறுவனம் இலவசமாகத் தருகிறதே என்று பலர் கேட்டார்கள். உண்மைதான். 2025 மே மாதம் ஏர்டெல் தன் போஸ்ட்பெய்டு, வைஃபை வாடிக்கையாளர்களுக்கு 100 ஜிபியை ஆறு மாதம் இலவசமாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜியோ, தகுதியான 5ஜி வாடிக்கையாளர்களுக்கு 2 டெராபைட் (சுமார் 2,000 ஜிபி) இடம் அடங்கிய கூகுள் ஏஐ புரோ சந்தாவை 18 மாதம் இலவசம் என்றது. இப்படி ஒரு சலுகை உங்களுக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதுவரை 15 ஜிபிக்காரராகவே வாழுங்கள். 2 டெராபைட் இருக்கிறதே என்று 300 ஜிபி ஏற்றினால், சலுகை முடியும் நாளில் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு: ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். போன் பேக்கப் அதிலேயே வருவதால் சீக்கிரம் நிரம்பும். அங்கே 50 ஜிபி சின்னத் திட்டத்தை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவுட்லுக் பயன்படுத்துபவர்கள், 2023 பிப்ரவரி முதல் மெயில் இணைப்புகள் மைக்ரோசாஃப்டின் சேமிப்பிடமான ஒன்டிரைவின் இலவச 5 ஜிபியிலும் சேர்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

கல்லூரி கொடுத்த மெயில் கணக்கில் படங்களை வைத்திருக்கும் மாணவர்களுக்கு: கல்வி நிறுவனங்களுக்கு இருந்த அளவற்ற இடத்தைக் கூகுள் 2022-லேயே நிறுத்திவிட்டது. படிப்பு முடிந்தால் கணக்கே போய்விடலாம். கணக்கு உயிரோடு இருக்கும்போதே 'டிரான்ஸ்ஃபர் யுவர் கன்டென்ட்' வசதி வழியாக மெயிலையும் டிரைவையும் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். கல்லூரி அதை அனுமதித்திருக்க வேண்டும். படங்கள் இதில் வராது, அவற்றைக் கூகுள் டேக்அவுட் (கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் வசதி) மூலம் ஜிப் கோப்பாகத் தனியாக இறக்க வேண்டும். இறக்கும் இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகும், நல்ல வைஃபை கிடைக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.