வயிற்றுக்கு மண்பட்டி: மண் எடுப்பதில்தான் பாதி வேலை

மலச்சிக்கலுக்கு இயற்கை மருத்துவர்கள் முதலில் சொல்வது உணவு மாற்றம், அதற்குத் துணையாக மண்பட்டி, அதாவது குழைத்த மண்ணைத் துணியில் மடித்து வயிற்றின்மேல் வைப்பது. ராத்திரி புரோட்டாவைத் தின்றுவிட்டுக் காலையில் மண் போட்டால் மண் என்ன செய்யும்?

குமரி மாவட்டத்தில் நல்ல மண் கிடைப்பது எளிதல்ல. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பல இடங்களில் செம்மண்ணோடு சரளை கலந்திருக்கும். ஈரம் நிற்காது, தோலையும் உரசும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிர்வீச்சு கொண்ட தோரியம் இருக்கிறது. வயல், வாழைத்தோட்டத்து மேல்மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் கிடக்கும். உரம் படாத தரையில் 3 அல்லது 4 அடி தோண்டி வரும் களிமண்தான் சரி. புற்றுமண்ணும் நன்றாகக் குழையும், உள்ளே பாம்பு இல்லையென்றால்.

மண்ணை நல்ல வெயிலில் காயவைத்து, இடித்து, சல்லடையில் சலியுங்கள். ஆனி, ஆடியிலும் ஐப்பசியிலும் இங்கே வெயிலை நம்ப முடியாது. பங்குனியிலேயே காயவைத்துச் சேர்த்துவிடுங்கள். ஒரு பட்டிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். முந்தின இரவே மண்சட்டியில் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். பெருவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கவேண்டும். குழியில் தண்ணீர் ஊறினால் மண் இளகிவிட்டது, விலாவில் வழியும். விளிம்பு வெடித்தால் இறுகிவிட்டது, வயிற்றோடு ஒட்டாது.

நனைத்துப் பிழிந்த மல்துணியில் 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் பரப்பி மடியுங்கள். வெறும் வயிற்றில் மல்லாந்து படுத்து, தொப்புளுக்குக் கீழே வையுங்கள். 20 முதல் 30 நிமிடம் போதும். சாரல் நாளில் மேலே கம்பளி போடுங்கள். எடுத்ததும் ஈரத்துணியால் துடைத்து, துவர்த்தால் (துண்டால்) வயிறு சூடேறும்வரை தேயுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு குளிர் வாங்கியது என்று மண்ணைக் குறை சொல்கிறார்கள். உடம்பு நடுங்கினால் நேரம் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், மாதவிலக்கில் இருப்பவர்கள், குளிர்காய்ச்சல்காரர்கள், வயிற்றில் புண்ணோ புதுத் தையலோ உள்ளவர்கள் போடக்கூடாது. வலது அடிவயிற்றில் வலி, கூடவே வாந்தி, காய்ச்சல் என்றால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். மண்ணைக் குழைத்துக்கொண்டிருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

போட்ட மண்ணைத் திரும்பப் போடாதீர்கள், தென்னை மூட்டில் தட்டிவிடுங்கள். துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள்.