கிராஸ்குளோக்னர்: சின்ன உச்சியில் தப்பிப்போகும் கணக்கு

ஆஸ்திரியாவின் மிக உயரமான மலை கிராஸ்குளோக்னர், 3,798 மீட்டர். அதை ஒட்டியே 3,770 மீட்டரில் கிளைன்குளோக்னர், அதாவது சின்னக் குளோக்னர். கால்ஸ் ஊர்ப்பக்கத்து வழக்கமான பாதையில் போனால் முதலில் கால் வைப்பது சின்னதன் மேல்தான். 1799இல் வந்த குழுவும் சின்னதோடு நின்றுவிட்டது. பெரிய உச்சியில் ஆள் ஏறியது 1800 ஜூலை 28இல்.

"இன்னும் 28 மீட்டர்தானே" என்று இங்கே கணக்குப் போடுவதுதான் பெரிய தவறு. நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது. கம்பிவடத்தைப் பிடித்து அதில் இறங்கி, ஆள் அகலமே உள்ள முகட்டைக் கடந்து, எதிர்ப்பாறையில் ஏற வேண்டும். ஒரு பக்கம் பல்லவிச்சினி என்ற பனி ஓடை, ஏறக்குறைய 600 மீட்டர் சரிந்து போகிறது. திரும்பும்போதும் இதே இடுக்குதான், அப்போது எதிரே ஏறி வருபவர்களின் வரிசை வேறு. கோடை வார இறுதிகளில் காத்து நின்றே உடம்பு விறைத்துவிடும். நேரத்தையும் தெம்பையும் இந்த இடுக்குக்கு இரண்டு முறை ஒதுக்காதவர்கள் சின்ன உச்சியிலேயே திரும்புவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது கயிறு. கட்டிக்கொண்டாலே பத்திரம் என்ற நினைப்பு பலருக்கு. கீழே கோட்னிட்ஸ் பனியாற்றில் கயிறு வேண்டியது பனிப்பிளவுக்காக. ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி விட்டு நடக்க வேண்டும். முன்னால் போனவர்களின் தடம் பதிந்திருக்கிறதே என்று கயிறே கட்டாமல் போகிறவர்களும் உண்டு. தடத்துக்கு அடியிலும் பிளவு இருக்கும். மேலே பாறை முகட்டில் கதை வேறு. அங்கே கயிற்றைச் சுருக்கி, நட்டு வைத்திருக்கும் இரும்புக் கம்பங்களில் போட்டுப் போட்டு நகர வேண்டும். எதிலும் மாட்டாத கயிறு, ஒருவர் வழுக்கினால் மற்றவரையும் கூட்டிக்கொண்டு போகும்.

3,454 மீட்டரில் ஏறுபவர்கள் தங்கும் எர்ட்ஸ்ஹெர்ட்சோக் யோகான் குடிலில் சுமையைக் குறைக்கிறேன் என்று கிராம்பானையும் (காலணியில் மாட்டும் இரும்பு முள்) வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அதற்கு மேலே இருக்கும் 'குளோக்னர்லைட்ல்' என்ற சரிவு, கோடைக் கடைசியில் பனி உருகி வெறும் ஐஸாகப் பளபளக்கும். கல் உருள்வதும் அப்போதுதான் அதிகம், அதனால் ஹெல்மெட்டும் தலையிலேயே இருக்கட்டும்.

வழக்கமான பாதை நெரிசல் என்று ஸ்டூடல் முகட்டுக்கு மாறுவது இன்னொரு தவறு. அது மாற்றுப்பாதை அல்ல, பாறையேற்றம் தெரிந்தவர்களுக்கான தனி ஏற்றம். சுமார் 3,550 மீட்டரில் 'காலை உணவு இடம்' என்று ஒரு நிறுத்தம் உண்டு. ஸ்டூடல் குடிலிலிருந்து அதுவரை வர 3 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் திரும்பிவிடுங்கள் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி.

மதியத்துக்கு மேல் இடி வந்தால் இரும்புக் கம்பங்களும் உச்சியில் நட்டிருக்கும் சிலுவையும் மின்னலுக்கு வசதி. இருட்டிலேயே கிளம்புவது இதற்காகவும்தான்.

மாட்டிக்கொண்டால் ஆஸ்திரியாவின் மலை மீட்பு எண் 140. போன் எடுக்காத இடத்தில் நிமிடத்துக்கு 6 முறை விசிலோ டார்ச்சோ, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் யாரோ பார்த்துவிட்டார்கள்.