கிணற்று மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும்: கரண்ட் போய் வருகிற வீட்டுக்கு ஒரு இணைப்புக் கருவி

வீட்டுச் சாமான்களைப் போனோடு இணைப்பது என்றதும் பலருக்கு முதலில் விளக்குத்தான் நினைவுக்கு வரும். வன்னி வீடுகளில் விளக்குச் சுவிச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்குப் போன் தேவையில்லை. எட்டாத இடத்தில் இருப்பது கிணற்றடி மோட்டர். வளவின் பின்மூலையில் கிணறு, வீட்டோரம் கொங்கிறீற் தூணில் ஆயிரம் லீற்றர்க் கறுப்புத் தாங்கி, இடையில் முப்பது நாற்பது மீற்றர். தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டுத்தான் ஆள் ஓடுகிறது. புரட்டாதியில் ஊற்றுக் குறைந்து மோட்டர் வெறுமனே சுற்றினால், சீல் கருகிய பிறகுதான் விசயம் தெரியவரும்.

வரைபடம் கீற முதல் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதுங்கள். கரண்ட் போய் வந்தால் மோட்டர் என்ன செய்ய வேண்டும்? றவுட்டர் நின்றால்? சென்சர் செத்தால்? கரண்ட் போனாலும் சென்சர் செத்தாலும் நிற்க வேண்டும்; றவுட்டர் நின்றாலும் சேர்த்து, மூன்றிலும் தானாகத் தொடங்கக் கூடாது. கீழே வருகிற பாகத் தெரிவு, வயரிங், நிரல் எல்லாம் இந்த விடையைக் காப்பாற்றத்தான்.

கருவி இரண்டு பெட்டி. ஒன்று கிணற்றடியில் மோட்டரைப் போட்டு நிறுத்துவது. மற்றது தாங்கியின் மேல் மட்டம் பார்த்துச் சொல்வது. இரண்டிலும் ஈஎஸ்பி32, அதாவது வைஃபை உள்ள சின்னக் கணினிச் சிப். வெளி அன்ரனா பூட்டக்கூடிய 32யூ வகையை வாங்குங்கள். தகரக் கூரையும் மழையில் நனைந்த மாமர இலையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலையை நன்றாகத் தடுக்கும்.

மோட்டர்ப் பெட்டி

சிப் சொல்ல இயங்குகிற மின்சுவிச்தான் றிலே. கடையில் கிடைக்கும் நீல நிற றிலேயில் 10 அம்பியர் என்று அடித்திருக்கும். அதை நம்பி மோட்டரை நேராக அதில் கொடுப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. அந்த 10 அம்பியர் ஹீற்றர் போன்ற சுமைக்குரிய கணக்கு. 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர் எடுக்கும். தொடங்குகிற கணத்தில் அதைப்போல் ஐந்து தொடக்கம் ஏழு மடங்கு. சில கிழமைகளில் றிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு போனில் "நிறுத்து" அழுத்தினால் திரையில் நின்றதாகக் காட்டும், கிணற்றடியில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆகவே சின்ன றிலே, கொன்ராக்டர் என்கிற கனமான சுவிச்சின் சுருளை மட்டும் இயக்கட்டும். மோட்டரின் சுமை கொன்ராக்டருக்கு. ஏசி-3 என்கிற மோட்டர்ச் சுமைத் தரத்தில் 12 அம்பியர், 230 வோல்ற் சுருள் உள்ளது 1 குதிரைவலுவுக்குத் தாராளம். சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோபரட் எக்ஸ்2 வகைக் கொண்டென்சரும் தொடராகப் போடுங்கள். அது இல்லாவிட்டால் சுருள் விடும்போது எழும் பொறி ஈஎஸ்பி32ஐ மீள்தொடங்க வைக்கும். "காரணமில்லாமல் ரீசெற் ஆகிறது" என்று வருகிற பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

றிலேயை இயக்கும் சிப்பின் கால் ஜிபிஐஓ 26 அல்லது 27ஆக இருக்கட்டும். 0, 2, 12, 15 ஆகியவை தொடங்கும் நேரத்தில் சிப் தன் நிலையைத் தீர்மானிக்கப் பார்க்கிற கால்கள். அவற்றில் றிலே கொடுத்தால் ஒவ்வொரு கரண்ட் வரவுக்கும் மோட்டர் ஒரு தரம் உதறும், அல்லது சிப்பே எழும்பாது. மேல்நிலைச் சமிக்ஞையில் இயங்கும் றிலேப் பலகையை எடுத்து, அந்தக் காலுக்கும் தரைக்கும் இடையில் 10 கிலோஓம் தடை வையுங்கள். நிரல் ஏறும் வரைக்கும் அந்தத் தடைதான் மோட்டரை நிறுத்தி வைத்திருக்கும்.

5 வோல்ற்றுக்குத் தனிப்படுத்திய 1 அம்பியர் மின்வழங்கி போதும். அதன் வாயில் 1 அம்பியர்ப் பியூஸ், மின்னழுத்தப் பாய்ச்சலை உறிஞ்ச 14 மில்லிமீற்றர் 471 எம்ஓவி ஒன்று. ஈஎஸ்பி32இன் 3.3 வோல்ற் காலடியில் 470 மைக்ரோபரட் கொண்டென்சர் கட்டாயம், ஏனென்றால் வைஃபை அனுப்பும் நொடியில் பல நூறு மில்லிஅம்பியர் இழுக்கும். பலகை அடிப்பவர்கள் 230 வோல்ற் பக்கத்துக்கும் சிப் பக்கத்துக்கும் இடையில் 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வெறுமை விட்டு, றிலேயின் கீழ் ஒரு பிளவும் வெட்டிவிடுங்கள். 230 வோல்ற் வயரிங்கை உரிமம் பெற்ற மின்வேலையாளே செய்யட்டும்; முன்னால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் இருக்க வேண்டும்.

வோல்ற்றேஜும் வாற்றும் அளவெடுக்க பிசெம்-004டி மீற்றர்ப் பலகை ஒன்று. வோல்ற்றேஜ் வயரைக் கொன்ராக்டருக்கு முன்னால் எடுங்கள், மோட்டர் நின்றிருக்கும்போதும் கரண்ட் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதன் அளவு வளையத்துக்குள் லைவ் வயர் மட்டும் போகட்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் போட்டால் சுழியம்தான் காட்டும்.

இந்த மீற்றர் இரண்டு வேலை செய்யும். முதலாவது, குறைந்த வோல்ற்றேஜ். லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் மாலை ஆறரைக்குப் பிறகு 190க்கும் இறங்கும். கொன்ராக்டர்ச் சுருள் உறுதியாகப் பிடிக்க 85 வீதம், அதாவது ஏறத்தாழ 195 வோல்ற் வேண்டும். அதற்குக் கீழே கடகடவென்று அடித்து முனைகளைத் தின்னும். ஆகவே 195க்குக் கீழ் மூன்று செக்கன் நின்றால் நிறுத்து. 205க்கு மேல் தொடர்ந்து மூன்று நிமிடம் இருந்தால் மட்டும் தொடங்க விடு. மூன்று செக்கன் விடுவது மோட்டர் தொடங்கும்போது விழுகிற கணநேரச் சரிவுக்காக. 255க்கு மேல் போனாலும் நிறுத்து.

இரண்டாவது, வறண்ட ஓட்டம். தண்ணீர் இழுக்காத பம்ப் குறைந்த வலுவே எடுக்கும். எவ்வளவு குறையும் என்பது பம்புக்குப் பம்ப் வேறு, ஆகவே உங்களுடையதை அளக்க வேண்டும். தண்ணீர் நன்றாக ஏறும்போது வாற்றைக் குறியுங்கள். பிறகு வெளியேற்றும் வால்வை மூடி ஐந்து செக்கன் மட்டும் ஓட்டிக் குறியுங்கள். மையவிலக்குப் பம்பில் இது வறண்ட நிலைக்குக் கிட்ட வரும். ஜெற் பம்பில் அந்தக் கிட்டத்தனத்தை நம்ப வேண்டாம். முதலாவது 1050, இரண்டாவது 620 என்று வந்தால் எல்லை இரண்டுக்கும் நடுவே, 830 அளவில். தொடங்கி 30 செக்கன் கழித்தே பார்க்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பைப்பில் காற்றுப் போகும் நேரத்தையும் வறட்சி என்று எடுத்துவிடும். வறட்சி என்று நிறுத்தினால் ஊற்று ஏற ஒரு மணித்தியாலம் காத்திரு, மூன்று தரம் அப்படியே என்றால் ஆள் வந்து பொத்தானை அழுத்தும் வரை பூட்டு. மாரியிலும் இந்தப் பூட்டு விழுந்தால் கிணற்றைப் பார்க்க வேண்டாம், உறிஞ்சும் பைப்பின் அடியிலுள்ள ஒருவழி ஃபுட் வால்வைப் பாருங்கள்.

தாங்கிப் பெட்டி

தாங்கியிலிருந்து கிணற்றடிக்குச் செப்பு வயர் இழுக்காதீர்கள். உயரத்தில் நிற்கிற தாங்கியும் நாற்பது மீற்றர் வயரும் சேர்ந்தால் சித்திரை, ஐப்பசி இடிமுழக்கத்துக்கு வைத்த அன்ரனா அது. பக்கத்து வளவில் விழுந்த இடியே இரண்டு பெட்டியையும் ஒன்றாக முடித்துவிடும். இந்தப் பெட்டி சூரியத் தகட்டிலும் பற்றரியிலும் தனியே நிற்கட்டும்.

பற்றரி லிதியம் இரும்புப் பொஸ்பேற். சாதாரண லிதியம் அயனை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் கிடக்கிற பெட்டிக்குள் அதற்கு மேல் ஏறும். இரும்புப் பொஸ்பேற் 3.2 வோல்ற் என்பதால் ஈஎஸ்பி32க்கு நேராகவே கொடுக்கலாம், இடையில் ரெகுலேற்றர் வேண்டாம். சார்ஜ் பலகை டிபி5000, 3.6 வோல்ற் நிலையில். 6 வோல்ற் 2 வாற் தகடு காணும்.

கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து 0.3 செக்கன் 100 மில்லிஅம்பியர் எடுத்தால் நாளுக்கு 1440 தரம், 12 மில்லிஅம்பியர்-மணி. 1500 பற்றரியில் வெயிலே இல்லாமல் கணக்குப்படி நான்கு மாதம். ஆனால் யூஎஸ்பி வைத்த பயிற்சிப் பலகையை அப்படியே போட்டால் அதன் விளக்கும் ரெகுலேற்றரும் தூக்கத்திலும் 5 தொடக்கம் 10 மில்லிஅம்பியர் தின்னும்; அது நாளுக்கு 120இலிருந்து 240. மார்கழி மழைக்காலத்தில் ஒரு கிழமை மூடமாக இருந்தால் படுத்துவிடவும் கூடும். வெறும் மொடியூலை வாங்கிப் பற்றவையுங்கள்.

மட்டம் பார்க்க நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சர், 3 வோல்ற்றில் வேலை செய்கிற புதிய பதிப்பு. அதன் முகத்துக்கு முன்னால் 20 தொடக்கம் 25 சென்ரிமீற்றர் குருடு. நிரம்பிய மட்டம் அதற்குள் வந்தால் கண்டபடி எண் வரும். மூடியில் உயர்த்திப் பூட்டுங்கள். வெயிலில் தாங்கிக்குள் காற்று 45 பாகைக்கு வந்தால் ஒலி 4 வீதம் வேகமாகப் போகும், ஒரு மீற்றரில் 4 சென்ரிமீற்றர் பிழை. முகத்தில் வியர்வைத் துளி நின்றாலும் பொய் சொல்லும். ஐந்து தரம் அளந்து நடு எண்ணை எடுங்கள். விட்டம் 105 சென்ரிமீற்றர் என்றால் ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ 8.7 லீற்றர், போனில் லீற்றராகக் காட்டலாம்.

ஆனால் மோட்டரை நிறுத்துகிற பொறுப்பை இந்தச் சென்சரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வழியும் பைப்புக்கு 15 சென்ரிமீற்றர் கீழே ஒரு மிதவைச் சுவிச் வையுங்கள். நிரம்பினால் திறக்கிற விதத்தில் வயர் பண்ணினால் வயர் அறுந்தாலும் "நிரம்பியது" என்றே வாசிக்கும். இங்கே இன்னொரு சிக்கல்: நம் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்மை, கேற்றிலில் படிகிற அதே வெள்ளைக் கல் மிதவையின் தண்டிலும் படிந்து அதை ஒட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வினாகிரியில் ஊறப்போடுங்கள், பழப்புளியும் கேட்கும். ஒட்டியே போனாலும் காப்பாற்ற மூன்றாவது காவல், நேர வரம்பு. நிமிடத்துக்கு 40 லீற்றர் ஏற்றும் பம்ப் ஆயிரத்தை 25 நிமிடத்தில் நிரப்பும்; 35 நிமிடம் ஓடினால் என்ன சொன்னாலும் நிறுத்து.

பேச்சுவார்த்தை

இரண்டு பெட்டியும் ஈஎஸ்பி-நவ் முறையில் நேராகப் பேசட்டும், றவுட்டர் நடுவில் வேண்டாம். ஒரு செய்தி 250 பைற்றுக்குள். மட்டம், மிதவை, பற்றரி என்று எழுத இருபது பைற் காணும். ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு செய்தி தொடர்ந்து வராவிட்டால் மோட்டர் நிற்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் ஏறுவது 80 லீற்றர், 9 சென்ரிமீற்றர்; மேலே விட்ட 15 அதற்காகத்தான்.

பலர் இடறுகிற இடம் சனல். மோட்டர்ப் பெட்டி றவுட்டரோடும் இணைந்திருப்பதால் றவுட்டரின் சனலிலேயே கேட்கும். கரண்ட் போய் வந்ததும் றவுட்டர் தானாகச் சனலை மாற்றினால் தாங்கிப் பெட்டி பழைய சனலில் கத்திக்கொண்டிருக்கும். றவுட்டரில் 1, 6, 11 இல் ஒன்றை நிரந்தரமாக்குங்கள். இதைவிட நுணுக்கமானது: றவுட்டர் செத்திருக்கும்போது ஈஎஸ்பி32 அதைத் தேடி எல்லாச் சனலுக்கும் தாவும், தாவுகிற நேரத்தில் தாங்கியின் செய்தி வந்து சேராது. தேடலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மட்டுப்படுத்துங்கள், மோட்டர் ஓடும்போது அறவே வேண்டாம். வைஃபையின் மின்சேமிப்புத் தூக்கத்தையும் அணைத்துவிடுங்கள்.

வெளி உலகத்துக்கு எம்கியூடிடி: கருவியும் போனும் புறோக்கர் என்கிற நடுச் சேவையகம் வழியாகச் செய்தி மாற்றும் முறை. சிம் போட்ட 4ஜி றவுட்டர்களுக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது முகவரி கிடையாது, வெளியிலிருந்து உள்ளே வர வழி திறக்கேலாது. கருவியே வெளியே போய்ப் புறோக்கரோடு பேச வேண்டும், 8883 வாசலில், குறியாக்கத்தோடு. நிமிடத்துக்கு ஒன்று, ஒன்று 200 பைற் என்றால் மாதம் 9 மெகாபைற் அளவில்தான், டேற்றாக் காட்டைக் கடிக்காது.

நிலைச் செய்திகளைப் புறோக்கரில் தக்கவைக்கலாம். கட்டளைச் செய்தியை ஒருபோதும் தக்கவைக்காதீர்கள். நேற்று அனுப்பிய "ஓடு" புறோக்கரில் கிடந்து, இன்று கரண்ட் வந்து இணைந்த உடனே மோட்டரைப் போட்டுவிடும். கட்டளைக்குள் நேரம் எழுதி, 30 செக்கனுக்கு மேல் பழையதை எறியுங்கள். கருவிக்கு நேரம் தெரியாவிட்டால் சுவரிலுள்ள பொத்தானை மட்டும் கேட்கட்டும்.

இன்னொன்றை வடிவமைப்பிலேயே தீர்க்க வேண்டும். பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து போனில் மோட்டரைப் போடக்கூடிய வீடுகள் இவை. கோடையில் கிணறு இறைத்துச் சேறு அள்ள ஆள் உள்ளே இறங்கியிருக்கும். கிணற்றடியில் இரு துருவங்களையும் அறுக்கிற, பூட்டுப் போடக்கூடிய ஐசொலேற்றர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். எந்த நிரலும் அதைத் தாண்டக் கூடாது.

பெட்டியும் பிராணிகளும்

தூசியும் நீர்வீச்சும் புகாத ஐபி65 பெட்டி, வயர் கிளாண்டுகள் எல்லாம் அடிப்பக்கத்தில், வயர் ஒருமுறை கீழே வளைந்து ஏறட்டும். அடியில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று விட்டு நுண்வலை ஒட்டுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் வியர்வை தேங்கும், வலை இல்லாவிட்டால் எறும்பு றிலேக்குள் குடிபோகும். பல்லி முட்டையிட இதைவிட நல்ல இடம் தேடாது. 230 வோல்ற் முனைகளின் மேல் பல்லி ஒன்று கருகிக் கிடப்பதைப் பார்த்த மின்வேலையாட்கள் நிறையப் பேர். சென்சர் முகத்தில் குளவி கூடு வைத்தால் தாங்கி எப்போதும் நிரம்பியே இருக்கும்.

எர்த் கம்பியைக் குளிக்கிற தண்ணீர் போகிற வாழையடியில் இறக்குங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் மற்ற இடத்து மண் காய்ந்து எர்த்தின் தடை ஏறிவிடும்.

பூட்ட முதல்

மோட்டருக்குப் பதில் கொன்ராக்டரில் ஒரு பல்ப் மாட்டி மேசையிலேயே சோதியுங்கள். பிளக்கை இருபது தரம் பிடுங்கிச் செருகுங்கள். ஒருதரமாவது பல்ப் மினுங்கினால் றிலேக் காலைத் திரும்பப் பாருங்கள். தாங்கிப் பெட்டியை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் எண்ணுங்கள். மிதவை வயரைக் கழற்றுங்கள். றவுட்டரை அணைத்து வைத்துத் தாங்கிச் செய்தி வந்து சேருகிறதா என்று பாருங்கள். புது நிரல் வைஃபையால் ஏற்றுகிற நடுவில் ஒருமுறை கரண்டை அறுங்கள். பழையதை அழிக்காமல் புதியதை வேறு பகுதியில் எழுதும் இரட்டைப் பகுதி முறையில் ஏற்றியிருந்தால் பழைய நிரலோடு எழும்பும்.

கடைசியாகப் பெட்டி மூடியின் உட்பக்கம் தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள்: றவுட்டர்ச் சனல், வாற் எல்லை, பியூஸ் அளவு, பெட்டியை ஒதுக்கிவிட்டு மோட்டரைப் பழைய சுவிச்சில் எப்படிப் போடுவது. மழையில் இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறப்பவர் அதைச் செய்தவராக இருக்கமாட்டார்.